மறுபடி வீங்கினால் தாயைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நலவாழ்வுப் பக்கத்தில் குழந்தைகளின் சிறுநீரக நோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தை எழுதியதே பெரிய காரியம், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்குகிற நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் பற்றி அதில் இருந்தது நாலே வரி. அந்த நாலில் கடைசி வரி, உப்பையும் பாக்கெட் தின்பண்டத்தையும் நிறுத்திவிட்டால் நோய் திரும்பாது என்று சொல்கிறது. அதை மட்டும் போட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட, கீழே நாலைந்து பேர் கைகூப்பி, "இனிமேலாவது பார்த்து நடந்துக்கோம்மா" என்று எனக்கு அறிவுரை. என் பையனுக்கு மூன்று வயதில் இந்த நோய் வந்தது, இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான். இத்தனை வருஷத்தில் உப்பு, தயிர், ஐஸ்கிரீம், கண்ணேறு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காதது என்று எல்லாக் காரணமும் கேட்டாகிவிட்டது, எல்லாமே கடைசியில் அம்மாவிடம்தான் வந்து நிற்கும். அந்த வரி தவறு. அதற்கு ஒரு திருத்தம் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன், ஏன் தவறு என்பதையும் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் நோய். பிள்ளை காலையில் எழுந்திருக்கும்போது கண் இமை இரண்டும் உப்பியிருக்கும், சாயங்காலம் வடிந்துவிடும். பூச்சி கடித்திருக்கும், கண் அலர்ஜி என்று சொட்டு மருந்தோடு ஒரு வாரம் போகும். அப்புறம் கால் வீங்கும், வயிறு உப்பும், சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகும். பரிசோதித்தால் சிறுநீரில் புரதம் 4 பிளஸ், அதாவது மிக அதிகம், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, கொழுப்பு எகிறியிருக்கும். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்களைச் சுற்றி போடோசைட் என்ற செல்கள் விரல் கோத்தது போலப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த விரல்களுக்கு இடையில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு, அதன் முக்கியமான புரதத்துக்கு நெஃப்ரின் என்று பெயர். இந்த அமைப்பு கெட்டால் உடம்பில் தங்க வேண்டிய அல்புமின் சிறுநீரில் போய்விடும், ரத்தக்குழாயில் நிற்க வேண்டிய நீர் வெளியே கசிந்து உடம்பில் கோத்துக்கொள்ளும். இதுதான் வீக்கம். உப்பு சாப்பிட்டதால் ஓட்டை விழவில்லை. வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறைக்கச் சொல்வது நீர் மேலும் கோக்காமல் இருக்க, அவ்வளவுதான். வீக்கம் வடிந்து சிறுநீர் சுத்தமான பிறகும் உப்பில்லாத கஞ்சியையே ஊற்றி, பருப்பையும் முட்டையையும் நிறுத்தி, பிள்ளையை நோஞ்சானாக்குகிறவர்கள் நிறைய பேர். வயதுக்கு ஏற்ற சாதாரணச் சாப்பாடு போதும் என்றுதான் சிறுநீரக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் சிலருக்குப் புதிதாக வருகிறது, பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள், பையன்களுக்குக் கூடுதலாக. பிரிட்டனில் வாழும் தெற்காசியக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு அங்குள்ள வெள்ளைக்காரக் குழந்தைகளைவிட அதிகமாக வருவதை 1980-களிலேயே கவனித்திருக்கிறார்கள். அங்கே போய் அங்கத்திய சாப்பாடு, அங்கத்திய குளிர், எல்லாம் மாறியும் நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகிறது என்றால் நம் மரபணுவில் ஏதோ இருக்கிறது என்றுதானே யோசிக்கத் தோன்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நோயில் நல்ல செய்தி, நூற்றுக்கு எண்பது தொண்ணூறு குழந்தைகளுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கேட்கும். ஓரிரு வாரத்திலேயே வீக்கம் வடிந்து பிள்ளை பழையபடி ஓடும். கெட்ட செய்தி, மருந்து கேட்ட பிள்ளைகளிலேயே முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஒருமுறையாவது திரும்ப வரும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடிக்கடி வரும் அல்லது மாத்திரையைக் குறைத்தாலே வரும். இந்த இரண்டாவது செய்தியை முதல் நாளே யாராவது தெளிவாகச் சொல்லிவிட்டால் எத்தனையோ குடும்பத்தில் சண்டை மிச்சமாகும். மருந்தைச் சரியாகக் கொடுத்தும் மறுபடி வருவது இந்த நோயின் சுபாவம். கொடுத்த காலம் போதவில்லையோ, இன்னும் நீட்டியிருக்கலாமோ என்று சிலர் டாக்டரைக் குறை சொல்வார்கள். அதையும் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். வழக்கமாக முதல் முறைக்கு 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதை ஆறு மாதம் வரை நீட்டிப் பார்த்த நம் நாட்டு ஆய்வு 2015-இல் வந்தது, 8 வாரத்தையும் 16 வாரத்தையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2019-இல் வந்தது. இரண்டிலும் நீட்டியதால் பெரிய பலன் இல்லை. அதாவது மருத்துவரும் தப்புச் செய்யவில்லை, தாயும் செய்யவில்லை.

சரி, பிறகு ஏன்தான் திரும்ப வருகிறது? பெரும்பாலும் ஒரு சளிக்குப் பிறகு. எங்கள் வீட்டில் ஐப்பசி மழை ஆரம்பித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மூக்கு ஒழுகி மூன்றாம் நாள் நாலாம் நாள் காலையில் சிறுநீரைச் சோதித்தால் நிறம் மாறும். என் மாமியார் தயிரைத் திட்டுவதில் பாதி நியாயம் உண்டு, சளிக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதை அவர் டாக்டருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார், தயிர்தான் பாவம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் எந்தத் தாயாலும் காக்க முடியாது. சளி பிடித்ததும் மாத்திரையைச் சில நாள் தினமும் கொடுத்தால் தடுக்கலாமா என்று இலங்கையிலும் டெல்லியிலும் நடந்த சிறிய ஆய்வுகள் பலன் இருப்பதாகக் காட்டின. 2022-இல் வந்த பிரிட்டனின் பெரிய ஆய்வு பலன் இல்லை என்றது. அதனால் இது அவரவர் டாக்டர் பிள்ளையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்களே என்று நாமாக மாத்திரையைக் கூட்டுவது கூடாது.

சாதாரணச் சளி சிறுநீரகத்தை ஏன் ஆட்டுகிறது என்பது பல காலமாகப் புதிராக இருந்தது. 1974-இல் ஷல்ஹூப் என்ற அமெரிக்க மருத்துவர் லான்செட் இதழில் ஒரு யோசனையை எழுதினார்: கோளாறு சிறுநீரகத்தில் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது, டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் ஏதோ ஒன்றைச் சுரந்து அந்த வடிகட்டியைக் கெடுக்கின்றன. அவர் அப்படி நினைக்கக் காரணம் சுவாரசியமானது. தட்டம்மை வந்த சில குழந்தைகளுக்கு இந்த வீக்கம் தானாக வடிந்திருக்கிறது, தட்டம்மையோ டி செல்களை அடக்குகிற நோய். கேட்கிற மருந்துகளும் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துகள்தான். ரொம்ப வருஷம் எல்லோரும் டி செல்லையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற ரிட்டக்ஸிமாப் ஊசியை இந்தப் பிள்ளைகளுக்குப் போட்டால் நோய் மாதக்கணக்கில் அடங்கிக் கிடப்பது தெரிந்தது. ஜப்பானில் 2014-இல் வெளிவந்த ஆய்வு அதை உறுதிசெய்தது. அந்த ஊசி கொல்வது பி செல்களை. பி செல்களின் வழியாகத்தான் ஆன்டிபாடி உண்டாகிறது. அப்படியானால் எதற்கு எதிரான ஆன்டிபாடி?

இதற்குப் பதில் அண்மையில்தான் துலங்கியது. 2022-இல் ஒரு குழுவும், 2024-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வும், இந்த நோயாளிகளில் பலரின் ரத்தத்தில் நெஃப்ரினையே தாக்குகிற ஆன்டிபாடி இருப்பதைக் காட்டின. நோய் தீவிரமாக இருந்து, இன்னும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடங்காத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருந்தது. நோய் அடங்கும்போது ஆன்டிபாடி குறைகிறது, நோய் திரும்பும்போது அதுவும் திரும்புகிறது. என் பையனின் உடம்பு அவன் வடிகட்டியையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்பதை நான் படித்துப் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது, சிரிப்பீர்கள், ஆனால் நிம்மதிதான். சமையலறையில் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் காட்ட ஒரு காரணம் கிடைத்தது. இந்த ரத்தப் பரிசோதனை எல்லா இடத்திலும் சாதாரணமாகச் செய்கிற நிலைக்கு இன்னும் வரவில்லை, ஆனால் வந்தால் எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து என்று முடிவெடுப்பது எளிதாகும்.

இப்போது மரபணு. இங்கே இரண்டு கதைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள், உங்கள் கட்டுரையும் "பரம்பரையாகவும் வரலாம்" என்று ஒரே போடு போட்டுவிட்டது. மருந்து கேட்கிற பெரும்பான்மைப் பிள்ளைகளில் ஒற்றை மரபணு கெட்டுப்போய் நோய் வருவதில்லை. எதிர்ப்புச் சக்தியை நிர்வகிக்கிற எச்எல்ஏ மரபணுக்களில் சில வகைகள் இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவே. 2015-இல் இதை முதலில் தெளிவாகச் சுட்டிய ஆய்வுகளில் ஒன்று 214 தெற்காசியக் குழந்தைகளை வைத்துத்தான் தொடங்கியது. அந்த வகை மரபணு உள்ள எத்தனையோ பேர் நோயே இல்லாமல் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் வருகிறது, தம்பி தங்கைக்கு வந்துவிடும் என்று பயந்து ஒதுக்கி வைக்க அவசியமில்லை. தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை.

ஸ்டீராய்டு கேட்காத பிள்ளைகளின் கதை வேறு. 6 வாரம் தினமும் கொடுத்தும் புரதம் நிற்கவில்லை என்றால் அது எதிர்ப்புச் சக்தியின் வேலையாகவே இல்லாமல் இருக்கலாம், வடிகட்டியைக் கட்டுகிற மரபணுவே பிறவியில் பழுதாக இருக்கலாம். ஃபின்லாந்தில் பிறந்த குழந்தைகளுக்கே வந்த ஒரு கொடுமையான வகையை ஆராய்ந்துதான் 1998-இல் நெஃப்ரினையே கண்டுபிடித்தார்கள். 2000-இல் பாரிஸில் போடோசின் என்ற இன்னொரு புரதத்தின் மரபணு கிடைத்தது. இன்றைக்கு இந்தப் பட்டியலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்கள். மருந்து கேட்காத குழந்தைகளையும் இளைஞர்களையும் உலகளவில் பார்த்த ஒரு பெரிய ஆய்வில் சுமார் 30 சதவீதக் குடும்பங்களில் ஒற்றை மரபணுக் காரணம் கிடைத்திருக்கிறது. குழந்தை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

இது ஏதோ ஆராய்ச்சிக்காரர்கள் ரசிக்கிற தகவல் என்று விட்டுவிட முடியாது. கட்டடமே கோணலாகப் பிறந்த பிள்ளைக்கு ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்தால் பெரும்பாலும் நோய் அசையாது, பக்கவிளைவு மட்டும் நிச்சயம். எங்கள் கூட வார்டில் இருந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு அதுதான் நடந்தது: முகம் நிலவு போல உருண்டு, உயரம் நின்று, கண்ணில் புரை, ஆனால் சோதனைத் தாளில் மாதாமாதம் அதே 4 பிளஸ். கடைசியில் வெளியே மரபணுச் சோதனை செய்து போடோசின் கோளாறு என்று தெரிந்த பிறகு ஸ்டீராய்டை மெதுவாக இறக்கி நிறுத்தினார்கள், ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் வகை மாத்திரையைத் தொடர்ந்தார்கள். முதல் வருஷமே தெரிந்திருந்தால் அந்தக் கண் தப்பித்திருக்கும் என்பது என் எண்ணம். கோ-என்சைம் க்யூ10 சம்பந்தப்பட்ட சில மரபணுக்கள் பழுதானால் அந்தச் சத்தையே மருந்தாகக் கொடுத்துப் பார்க்கலாம், சீக்கிரம் தொடங்கினால் சிலருக்குப் பலன் உண்டு. இதெல்லாம் சோதித்தால்தானே தெரியும்.

இன்னொரு இடத்திலும் இந்த வித்தியாசம் தலையெழுத்தையே மாற்றுகிறது. சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்து மாற்று அறுவை சிகிச்சை வரை போனால், எதிர்ப்புச் சக்தியால் வந்த நோய் புதுச் சிறுநீரகத்தையும் தாக்கலாம், சிலருக்கு அறுவை முடிந்த ஒன்றிரண்டு நாளிலேயே புரதம் கொட்டத் தொடங்கிவிடுகிறது. மரபணுவால் வந்தது என்றால் அந்தப் பயம் மிகக் குறைவு, புதுச் சிறுநீரகத்தில்தான் சரியான மரபணு இருக்கிறதே. இதற்கும் ஒரு விலக்கு உண்டு. நெஃப்ரினே இல்லாமல் பிறந்த ஃபின்லாந்துப் பிள்ளைகள் சிலருக்கு, மாற்றிவைத்த சிறுநீரகத்தில் முதன்முதலாக நெஃப்ரினைப் பார்த்த உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணி ஆன்டிபாடி செய்தது. மரபணுவும் எதிர்ப்புச் சக்தியும் ஒரே புரதத்தில் வந்து முட்டிக்கொள்கிற இடம் இது. படித்தபோது அசந்துவிட்டேன். தாயோ தகப்பனோ தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிற வீட்டில், கொடுப்பதற்கு முன்னால் எந்த வகை என்று தெரிந்துகொள்வது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொந்தத்தில் கட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மழுப்பியதாகிவிடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாலில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள்தான். போடோசின், நெஃப்ரின் கோளாறுகள் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோயாகும், இருவரும் அதைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகனைக் கட்டினால் இருவரும் ஒரே பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். இது உண்மை. ஆனால் மருந்து கேட்கிற சாதாரண வகைக்கும் இதையே காரணம் காட்டி, "அத்தை பையனைக் கட்டாதேன்னு அப்பவே சொன்னோம்" என்று பெண்ணைக் குத்திக்காட்டுவது அபத்தம். நாங்கள் சொந்தமே இல்லை, எங்கள் பையனுக்கு வரவில்லையா? மருந்து கேட்காத குழந்தை இருந்து, அடுத்த குழந்தைக்கு யோசிக்கிற தம்பதிக்குத்தான் சோதனையும் மரபணு ஆலோசனையும் அவசியம்.

உங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுகிறவை சில. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், அப்போது காய்ச்சல் வந்தால் பிள்ளை சுருண்டுவிடும். முகம் உப்புகிறது என்று மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு நெருஞ்சில் கஷாயத்துக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியம் அம்மை. நம் ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்துக்கொள்வோம், ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டோம். நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை, என் வீட்டிலும் வேப்பிலை உண்டு. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைக்குச் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. வகுப்பில் யாருக்காவது அம்மை என்று தெரிந்த அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், கொப்புளம் வரும் வரை காத்திருக்கக் கூடாது. நிமோகாக்கஸ் தடுப்பூசி இந்தப் பிள்ளைகளுக்கு மிக அவசியம், வயிற்றில் நீர் கோத்திருக்கும்போது அந்தக் கிருமி புகுந்தால் தாங்காது. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மட்டும் எப்போது போடலாம் என்று டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அப்புறம் லெவாமிசோல். அடிக்கடி திரும்புகிற பிள்ளைக்கு ஸ்டீராய்டைக் குறைக்க ஒருநாள் விட்டு ஒருநாள் இதைக் கொடுப்பார்கள். நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "இது பூச்சி மாத்திரை, டாக்டர் மாற்றி எழுதிட்டார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். பூச்சி மாத்திரையாக வந்ததுதான், எதிர்ப்புச் சக்தியைச் சீராக்கவும் உதவுகிறது. மாற்றி எழுதவில்லை.

வீட்டிலேயே கண்காணிப்பதுதான் இதில் பெரிய ஆயுதம். காலையில் முதல் சிறுநீரில் ஒரு ஸ்டிரிப்பை நனைத்து, டப்பாவின் மேல் உள்ள நிறங்களோடு ஒரு நிமிஷத்துக்குள் ஒப்பிட வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் பள்ளிக்கூடம், பச்சையாக மாறினால் நோட்டில் குறித்துவைத்து மறுநாளும் பார்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் 3 பிளஸ் என்றால் நோய் திரும்பிவிட்டது, வீக்கம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் போய்விடலாம், ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஸ்டிரிப் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு எங்கள் டாக்டர் சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டைச் சொல்லிக்கொடுப்பார், கண்ணாடிக் குழாயில் சில சொட்டு விட்டதும் சிறுநீர் கலங்கினால் புரதம் இருக்கிறது. பையனே இப்போது தானாகச் சோதித்து, "அம்மா, நில்" (புரதம் இல்லை) என்று கத்திவிட்டுக் குளிக்கப் போகிறான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் நோட்டில் பச்சை கிரேயானால் கட்டம் தீட்டிக்கொண்டு வருவதை ஓ.பி. வரிசையில் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றினார்.

அரசிடம் இரண்டு கோரிக்கை உண்டு, நீங்கள் எழுதினால் காதில் விழும். ஒன்று, ஸ்டீராய்டு கேட்காத குழந்தைகளுக்கு, குறிப்பாக ஒரு வயதுக்குள் நோய் வந்தவர்களுக்கும், குடும்பத்தில் இன்னொருவருக்கு உள்ளவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும், மரபணுச் சோதனைச் செலவைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். தனியாரில் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது, கேட்காத மருந்துக்கும் அது கொண்டுவரும் கண்புரைக்கும் எலும்புத் தேய்வுக்கும் ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகையே இல்லை. இன்னொன்று ஸ்டிரிப். கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரில் அல்புமின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே சோதனை நடக்கிறது, செவிலியர்களுக்கும் அது கைப்பழக்கம். அதே ஸ்டிரிப்பைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, நெஃப்ரோட்டிக் பிள்ளை உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு டப்பா கொடுத்தால் போதும். ஒரு வட்டாரத்தில் எத்தனை பிள்ளை இருந்துவிடப் போகிறது? இதற்குப் புதுத் திட்டமும் புதுப் பெயரும் திறப்பு விழாவும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர் மாவட்டம்.